முற்றத்துப் புகையிரதம்

இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி ஊவா மாகாணத்துக்குள் நுழைபவர் முதலிற் காணும் ஊர்களுள் ஹல்துமுல்லை ஒன்று. இவ்வூருக்குப் புகையிரத நிலையம் இல்லை. ஆயினும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை இவ்வூரின் தலைக்கு மேலே, இதல்கஸ்ஹின்ன முகட்டின் வழியாகச் சென்று அப்புத்தளையை அடைகின்றது. 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டிய அப்பாதை, பதுளையைச் சென்றடைவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924இலேதான் பதுளை புகையிரதத்தைக் கண்டது. கீழே நின்று அண்ணாந்து நோக்கும் ஹல்துமுல்லைச் சிறுவனுக்கு அப்பாதை எட்டாத ஒரு பொருள். எட்டாத அப்பொருளைச் சிறிய உருவிலே தன் வீட்டு முற்றத்தில் ஓடவிட முடியுமா, முடியுமாயின் அதற்கு வேண்டிய பொருள்களை எங்கே பெறலாம் என்பதை நேயர்கள் இன்று அறிந்துகொள்ளலாம்.

மேலைநாட்டார் இதனைத் தோட்டப் புகையிரதம் என்பர். மலையகத்திலோ தோட்டம் என்றவுடன் தேயிலைத் தோட்டமே நினைவுக்கு வரும். ஆதலின் இதனை முற்றத்துப் புகையிரதம் என்று அழைப்பதே பொருந்தும். அறைக்குள் மேசைமீது ஓடும் விளையாட்டுப் புகையிரதம் வேறு, இது வேறு. மழையும் வெயிலும் பட்டு, மண்ணின்மேல் கிடந்து, செடிகொடிகளுக்கு இடையே ஓடவேண்டியது இது. உண்மைப் பாதை எதிர்கொள்ளும் தொல்லைகள் அனைத்தையும் இச்சிறு பாதையும் எதிர்கொள்கின்றது. இதன் இன்பமும் அதுவே, இதனாற் பெறும் கல்வியும் அதுவே.

இக்கலை ஐரோப்பாவில் வளர்ந்தது. ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இலேயே ஒழுங்கான பாதை அகலங்களை வகுத்து விளையாட்டுப் புகையிரதங்களை விற்கத் தொடங்கிற்று. அதன்பின் இங்கிலாந்தில் நோர்த்தாம்ரன் நகரத்துப் பாசெற் லோக் நிறுவனம் நுட்பமான மாதிரிகளை வெளியிட்டது. 1968இல் நியூரம்பேர்க் நகரத்து லேமன் நிறுவனத்தார், மழையிலும் பனியிலும் ஓடக்கூடிய பெரிய மாதிரிகளை 45 மில்லிமீற்றர் அகலப் பாதையில் அறிமுகஞ் செய்தனர். எல். ஜீ. பி. என்னும் அப்பெயர் உலகெங்கும் பரவியது. பின்னர் 2007இல் அது மார்க்லின் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. குவாலியர் அரண்மனையின் உணவுமேசையைச் சுற்றி ஓடிய வெள்ளிப் புகையிரதத்தைப்பற்றிக் கேள்வியுற்றோர், இது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என எண்ணக்கூடும். அவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. கடல்கடந்து வரவேண்டிய பொருள்கள் மிகச் சிலவே. எஞ்சியவை யாவும் ஊவா மலைச்சாரலிலேயே கிடைக்கின்றன.

முதலிற் செய்யவேண்டியது அளவுத்திட்டத்தைத் தீர்மானித்தலாகும். இங்கே பலர் இடறி விழுவர். இதல்கஸ்ஹின்ன வழியாகச் செல்லும் பாதை 5 அடி 6 அங்குல அகலமுடையது. இவ்வகலம் இலங்கை, இந்தியா முதலிய சில நாடுகளுக்கே உரியது. மேலைநாட்டுத் தொழிற்சாலைகளோ 4 அடி 8½ அங்குலப் பாதைக்கும், அதனினும் ஒடுங்கிய பாதைகளுக்குமே மாதிரிகள் செய்கின்றன. ஆகவே பதுளைப் பாதையை அளவு பிசகாமல் அமைக்க முயல்பவர், கடையில் வாங்கிய சக்கரம் எதுவும் பொருந்தாமல் வருந்த நேரிடும்.

இவ்விடத்தில் இலங்கையின் மறைந்துபோன பாதையொன்று துணைக்கு வருகின்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறு பாதை முன்னர் இருந்தது. உடப்புசல்லாவைப் பாதை என அது வழங்கப்பட்டது. 1903இல் நுவரெலியா வரையும் 1904இல் இராகலை வரையும் திறக்கப்பட்ட அப்பாதை, தேயிலையை ஏற்றி மலையிறங்கிற்று. வீதிப் போக்குவரத்தின் போட்டியால் நலிவுற்று, 1940இல் பயணிகள் சேவையையும் 1948இல் தன் வாழ்வையுமே அது இழந்தது. அதன் அகலம் 2 அடி 6 அங்குலம், அதாவது 30 அங்குலம்.

ஓர் அடியை அரை அங்குலமாகக் குறைத்தால், எப்பொருளும் இருபத்துநான்கில் ஒரு பங்காகும். அவ்வாறு 30 அங்குலத்தைக் குறைத்தால் கிடைப்பது ஒன்றேகால் அங்குலம், ஏறக்குறைய 32 மில்லிமீற்றர். உலகச் சந்தையில் மிகப் பழைய காலந்தொட்டு விற்கப்படும் பாதை அகலங்களுள் ஒன்று இந்த 32 மில்லிமீற்றரே என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே இராகலைப் பாதையை அளவு வழுவாமல் முற்றத்தில் மீண்டும் எழுப்ப இயலும். 5½ அடி உயரமுள்ள மனிதன் இவ்வளவுத்திட்டத்தில் 2¾ அங்குலப் பொம்மையாவான். அரை அங்குலம் ஓர் அடி என்பதால், பாடசாலை மாணவனும் அளவுகோலை வைத்துக்கொண்டு கணக்கிடலாம்.

இனி, கடல்கடந்து வரவேண்டியவை எவை? தண்டவாளம், சக்கரம், இயந்திரத்தின் உயிர்ப்பகுதி ஆகிய மூன்றே. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலே பியர் என்னும் ஊரிலுள்ள பெக்கோ நிறுவனம், வெளியிடத்தில் அமைப்பதற்கென்றே 32 மில்லிமீற்றர் பாதையை வளைக்கக்கூடிய துண்டுகளாகச் செய்து விற்கின்றது. டொன்காஸ்ரர் நகரத்து ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம், எரிவாயுவினால் நீரைக் கொதிக்கவைத்து உண்மையான நீராவியால் ஓடும் ஒடுங்கிய பாதை இயந்திரங்களைச் செய்கின்றது. நீராவி இயந்திரம் விலைமிக்கது. தொடங்குபவர் அதனை விரும்பிக் கடன்படுதல் வேண்டா. பல்சக்கரம் பூட்டிய சிறு நேரோட்ட மோட்டாரொன்றும், மீள மின்னேற்றக்கூடிய பற்றரியும் போதும். இவை கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலேயே கிடைப்பவை. பற்றரியை இயந்திரத்தினுள்ளேயே வைத்துவிட்டால் தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ச்சவேண்டிய தேவையில்லை. நாள்தோறும் பனிமூட்டமும் மாலைமழையும் உள்ள மலைச்சரிவில், ஈரமும் சருகும் படிந்த தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேலையும் மிச்சமாகும்.

தண்டவாளத்தை இறக்குமதி செய்ய இயலாதோர்க்கும் வழியுண்டு. இரும்புக் கடைகளில் விற்கப்படும் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒடுங்கிய அலுமினியப் பட்டையை நிமிர்த்திவைத்து, வாள்வெட்டுப் பள்ளமிட்ட சிலிப்பர் கட்டைகளிற் பொருத்தினால் அதுவே தண்டவாளமாகும். மின்சாரம் பாயவேண்டாத பாதைக்கு இது போதுமானது. சிலிப்பர் கட்டைகளுக்குக் கித்துள் மரத்தின் வைரம் ஏற்றது. இரண்டரை அங்குல நீளமாக அறுத்து எண்ணெய் ஊட்டிக் காயவைத்தல் வேண்டும். பள்ளம் வெட்டுமுன் 32 மில்லிமீற்றர் அகலமுள்ள அளவுக்கட்டையொன்றைச் செய்துகொள்வது இன்றியமையாதது. சக்கரங்களைக் கடைசல் பட்டறையிற் பித்தளையிலோ இரும்பிலோ செய்விக்கலாம். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையேயுள்ள தூரம் 28 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். இவ்வொரு கணக்குத் தவறினால் வண்டி தடம்புரள்வதைத் தெய்வத்தாலும் தடுக்க முடியாது.

பித்தளைத் தண்டவாளம் இடுவோர் வெப்பத்தையும் மறத்தலாகாது. பத்து மீற்றர் நீளமான பித்தளை, வெப்பநிலை 30 பாகை உயரும்போது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளும். அலுமினியம் அதனினும் சற்று மிகுதியாக நீளும். ஆகவே இணைப்புத்தோறும் சிறிது இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால் நண்பகல் வெயிலிற் பாதை பாம்புபோல் நெளியும்.

அடுத்தது சாய்வு. அளவுத்திட்டம் எதுவாயினும் சாய்வின் விகிதம் மாறுவதில்லை. மலைநாட்டுப் பாதையின் கடினமான பகுதிகள் 44 அடிக்கு ஓர் அடி ஏறுகின்றன. முற்றத்திலும் அதே விகிதம் உகந்தது. இதனைக்கொண்டு தெமோதரையின் அற்புதத்தையும் விளங்கிக்கொள்ளலாம். அங்கே பாதை மலையைச் சுற்றிவந்து, தான் விட்டுவந்த நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தினூடாகவே செல்கின்றது. தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைக் கண்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, அச்சுற்றிலிருந்தே இவ்வமைப்பைக் கண்டறிந்தார் என்றொரு கதை மலையகமெங்கும் வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அதன் கணக்கு எளிது. மேற்பாதைக்கும் கீழ்ப்பாதைக்கும் இடையே 20 சென்ரிமீற்றர் உயரம் வேண்டுமெனில், 44க்கு ஒன்று என்னும் சாய்வில் 8.8 மீற்றர் நீளப் பாதை தேவை. அதனை வட்டமாக்கினால் ஆரை 1.4 மீற்றர். மூன்று மீற்றருக்குச் சற்று மேற்பட்ட சதுர முற்றமுள்ளவர் தெமோதரையை வீட்டிலேயே அமைத்துவிடலாம். வளைவு கடுமையாதலால் இரண்டு மூன்று பெட்டிகளோடு திருப்தியடைதல் வேண்டும்.

பாதையின் அடித்தளத்தைப்பற்றி ஹல்துமுல்லை மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி, இப்பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்ட மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையும் அவற்றில் வாழ்ந்தோரையும் மூடிற்று. அத்துயரை அறிந்தவர்கள் விளையாட்டுக்காகக்கூடச் சரிவின் அடியை வெட்டமாட்டார்கள். வீட்டுக்குப் பின்னேயுள்ள மண்மேட்டைக் குடைந்து சுரங்கம் அமைத்தல் கூடாது. வடிகானை மறித்துப் பாதையிடுதலும் கூடாது. சமநிலத்திலே ஒரு சாண் அகலத்துக்கு ஆழமற்ற வாய்க்கால் வெட்டி, சரளைக்கல் நிரப்பி, அதன்மேற் பாதையை வைத்தல் நன்று. பாதையின் மேற்புறத்தே நீர் வடிய ஒரு கான் இருத்தல் வேண்டும். பெரிய பாதையைக் காப்பதும் இம்முறையே. கச்சான் காற்று வீசிப் புல் காய்ந்திருக்கும் மாதங்களில் நெருப்பால் இயங்கும் இயந்திரங்களை ஓட்டாதிருப்பதும் அறிவுடைமை.

பாதையின் இருமருங்கையும் அழகுசெய்யும் பொருள்களுக்கு விலையே இல்லை. தேயிலைச் செடி மூன்றடி உயரமெனில் மாதிரியில் அது ஒன்றரை அங்குலமே. ஆகவே உண்மைத் தேயிலைக் கன்றை நட்டால் அது ஆலமரம்போற் காட்சிதரும். பாறையிற் படர்ந்த பாசித் திரளைகளை வரிசையாக அடுக்கினால் கொழுந்தெடுத்த மலை கண்முன் தோன்றும். இலை எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குக் காட்சி மெய்யாகும். உடைந்த ஓடும் சீமெந்தும் பாலமாகும். தகரப்பேணியை வெட்டி நெளித்தால் லயத்தின் கூரையாகும். தேயிலை ஆலைக்குப் பழைய தேயிலைப் பெட்டியின் பலகையே பொருத்தமானது.

ஆயினும் எக்கடையிலும் விற்கப்படாத பொருள் ஒன்றுண்டு. அதுவே மறைந்த பாதையைப்பற்றிய அறிவு. நிலையக் கட்டடத்தின் கதவு எத்தனை அடி? பெட்டியின் நிறம் யாது? கந்தப்பளையில் தண்ணீர்த் தொட்டி எங்கே நின்றது? இவற்றை அறியப் பல வழிகள் உள. ஜீ. எஃப். பெரேரா 1925இல் வெளியிட்ட இலங்கைப் புகையிரத வரலாற்று நூல் ஒன்று. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் மற்றொன்று. 2014இல் கடுகண்ணாவையிலே திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்திற் பழைய இயந்திரங்களையும் பெட்டிகளையும் நேரிற் காணலாம்.

இவற்றைவிட விரைவாக அழிந்துவருவது முதியோரின் நினைவு. இராகலைப் பாதை மூடப்பட்டபோது பத்து வயதாயிருந்தவர்கள் பிறந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவ்வண்டியைக் கண்ட கண்கள் மலையகத்தில் இன்னும் சில இருக்கக்கூடும். அவர்களைத் தேடிச் சென்று, பக்கத்தில் அமர்ந்து, பெட்டியின் நிறத்தையும் ஊதலின் ஒலியையும் கேட்டு எழுதிக்கொள்ளும் மாணவன், விளையாட்டுச் சாமான் சேர்ப்பவன் மாத்திரமல்லன். புத்தகங்கள் எழுதாமல் விட்ட ஒரு வரலாற்றைச் சேர்ப்பவனாவான். ஏனெனில் பாதையைத் திறந்துவைத்த ஆளுநரின் பெயர் ஏட்டில் இருக்கும். தேயிலைப் பெட்டியைத் தோளிற் சுமந்து வண்டியில் ஏற்றியவரின் பெயர் அவருடைய பேரனின் வாயில் மாத்திரமே இருக்கும்.

ஆகவே இப்பொழுதுபோக்கில் இறங்க விரும்புவோர் வெளிநாட்டு விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், ஓர் அளவுகோலும் குறிப்புப் புத்தகமும் வாங்குதல் நன்று. தண்டவாளமும் சக்கரமும் அடுத்த ஆண்டிலும் கிடைக்கும். முதியோரின் நினைவு அதுவரை காத்திருக்குமென்று சொல்வதற்கில்லை. முதலில் அதனைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் முற்றத்திலே பத்தடிப் பாதையிட்டு ஒரு சிறு வண்டியை ஓடவிட்டாலும் போதும். அதனைக் காணும் பாட்டனார் ஒருவர், இப்படித்தான் வளைந்து வரும் என்று கைநீட்டிக் காட்டுவாராயின், அப்பாதை சரியான அளவில் அமைந்துவிட்டது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டா.