மீட்டரில் ‘1’ என்றால் ஒரு வோல்ட் அல்ல!



நூம்பல், திருவேற்காடு, பூந்தமல்லி பக்கம் கழனி குறைந்து வீட்டுமனை பெருகிவிட்டது. ஆனாலும் கழனிக் கிணறோ வீட்டு போரோ, மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். அது நின்றுபோனால் பார்க்கலாமே என்று சென்னை ரிச்சி தெருவில் டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் அது காட்டும் எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

மீட்டரின் நடுவில் திருப்புகிற குமிழ் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள 20, 200, 750 போன்ற எண்கள்தான் ரேஞ்ச். இதை ஆழாக்கு, படி, மரக்கால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆழாக்கு நெல்லை மரக்காலில் போட்டால் அடியில் கிடக்கும். எவ்வளவு என்று தெரியாது. மரக்கால் நெல்லை ஆழாக்கில் கொட்டினால் வழிந்துவிடும்.

டிராக்டர் பேட்டரியைப் பாருங்கள். நிறைய சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கு. 1000 ரேஞ்சில் வைத்தால் புள்ளிக்குப் பின்னால் எண்ணே வராது. இரண்டு பேட்டரியும் ஒன்றுபோலவே தெரியலாம். 20 ரேஞ்சில் வைத்தால் 12.62, 12.21 என்று வித்தியாசம் தெரிந்துவிடும்.

இனி, வழிகிற கதை. மும்முனை மின்சாரத்தில் இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட் இருக்கும். குமிழை 200-ல் வைத்து அளந்தால், மீட்டரின் இடது ஓரத்தில் ‘1’ என்று மட்டும் நிற்கும். ‘ஒரு வோல்ட்தானே, கரண்டு இல்லை’ என்று கை வைத்தால் என்ன ஆகும்? அந்த ‘1’, ‘என் அளவுக்கு மேலே போய்விட்டது’ என்று மீட்டர் சொல்வது. எவ்வளவு இருக்கும் என்று தெரியாதபோது எப்போதும் பெரிய ரேஞ்சில் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. லைன் கரண்டு ஏ.சி.; பேட்டரி டி.சி. அலைபோல் வளைந்த குறி உள்ள பக்கம் ஏ.சி.க்கு. நேர்கோடும் அதன்கீழ் புள்ளிக்கோடும் உள்ள பக்கம் டி.சி.க்கு. டி.சி. பக்கம் வைத்து லைனை அளந்தால், கரண்டு இருக்கும்போதே ஏறக்குறைய பூஜ்யம் காட்டிவிடும்!

சிவப்பு ஒயரை எந்த ஓட்டையில் செருகியிருக்கிறோம் என்றும் பார்க்கணும். 10 ஆம்பியர் ஓட்டையில் செருகிவிட்டு வோல்ட் பார்க்கப் போனால் ஷார்ட் ஆகி நெருப்புப் பறக்கும்.

ஓம் பக்கத்தில் வைப்பதானால் மெயினை அணைத்த பிறகுதான். மோட்டாரின் மூன்று காயிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்றில் மட்டும், எந்த ரேஞ்சில் வைத்தாலும் ‘1’ நின்றால், அந்த வழி அறுந்திருக்கிறது என்று பொருள். ஆனால் காயிலிலிருந்து பாடிக்குக் கசிவு இல்லை என்று இந்த மீட்டரை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதற்கு மெக்கர் வேண்டும்.

பேஸ் பார்ப்பதை, மோட்டாரைப் போடுவதற்கு முன்பே செய்யணும். முதல்-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-முதல் என்று மூன்று அளவு எடுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட சமமாக இருக்கவேண்டும். ஒன்று ரொம்ப இறங்கியிருந்தாலும் சுவிட்சைப் போடாதீர்கள், காயில் கருகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போய்விட்ட பேஸிலும் தானாகவே வோல்ட்டை உண்டாக்கும். அதனால் ஓடும்போது பார்த்து ஏமாறக்கூடாது.

கடைசியாக ஒன்று. ‘கரண்டு இல்லை’ என்று மீட்டர் சொன்னால் உடனே நம்பவேண்டாம். கரண்டு இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். பிறகு சந்தேகப்பட்ட இடத்தில் வையுங்கள். திரும்பவும் பழைய இடத்தில் வைத்துப் பாருங்கள். முதலும் கடைசியும் சரியாகக் காட்டினால்தான் நடுவில் காட்டியதை நம்பலாம். அப்போதும் மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். ஒயர் உறை வெடித்திருந்தாலோ, கை ஈரமாக இருந்தாலோ மீட்டரைத் தொடவே வேண்டாம், ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். குமிழ் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் அளவு.