பழைய எண், புதிய எண்: வெப்சைட்டை மாற்றிய பிறகு பழைய லிங்க்குகளை என்ன செய்வது?

சென்னையில் ஒரு வீட்டைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வரி நன்றாகத் தெரியும்: ‘பழைய எண் 14, புதிய எண் 31’. கதவு எண் மாறிப் பல வருடங்கள் ஆன பிறகும் கேட்டிலும் விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இரண்டு எண்களும் இருக்கும். காரணம் எளிது. எண் மாறியது வீட்டுக்காரருக்குத் தெரியும். பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வருபவருக்குத் தெரியாது. அவர் தெருவில் நின்று திண்டாடக் கூடாது.

வெப்சைட்டைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான். புது டிசைன், புது லோகோ, மொபைலுக்கு ஏற்ற அமைப்பு என்று எல்லாம் வரும். கூடவே ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் சத்தமில்லாமல் மாறிவிடும். பழைய எண்ணை யாரும் கேட்டில் எழுதி வைப்பதில்லை.

ஆர்டர் எங்கே போனது?

கோவையில் மசாலாப் பொடி விற்கும் ஒரு சிறிய நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு வருடமாக ஒரே வெப்சைட். ரசப்பொடிக்கு ஒரு பக்கம், இட்லிப் பொடிக்கு ஒரு பக்கம், கூடவே நாற்பது சமையல் குறிப்புகள். கூகுளில் ரசப்பொடி பற்றித் தேடினால் முதல் சில முடிவுகளிலேயே இவர்கள் பக்கம் வரும். அப்படி வருபவர்களில் சிலர் ஆர்டரும் கொடுப்பார்கள்.

இப்போது புது வெப்சைட் வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, வேகமாகத் திறக்கிறது. ஆனால் சில வாரங்களில் ஆர்டர் குறையத் தொடங்குகிறது. “என்னாச்சு தம்பி, சைட்டு ஓடுதா இல்லையா?” என்று உரிமையாளர் கேட்கிறார். “எல்லாம் சரியாத்தானுங்க ஓடுது” என்கிறார் டெவலப்பர். அவர் சொல்வது பொய்யில்லை. முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர்கள் முகப்பு வழியாக வரவில்லை. கூகுள் காட்டிய பழைய முகவரியைத் தொட்டுத்தான் வந்தார்கள். அங்கே இப்போது அவர்களை வரவேற்பது ‘404 – பக்கம் காணவில்லை’ என்ற அறிவிப்பு. பத்து விநாடி பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கூகுளுக்கு ஏன் தெரியவில்லை?

நாம் தேடும்போது கூகுள் அந்த நிமிடத்தில் இணையம் முழுவதையும் அலசுவதில்லை. அதன் தானியங்கி நிரல் ஏற்கெனவே பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, முகவரியோடு ஒரு பெரிய அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. இதைத்தான் இண்டெக்ஸ் என்கிறார்கள். நாம் பார்க்கும் தேடல் முடிவுகள் அந்த அட்டவணையிலிருந்து வருபவை.

ஒரு பக்கத்துக்கு அந்த நிரல் மறுபடி எப்போது வரும் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும். செய்தித் தளத்தின் முகப்புக்கு அடிக்கடி வரும். ரசப்பொடிக் குறிப்புக்குச் சில வாரங்களோ, அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை அட்டவணையில் இருப்பது பழைய எண்தான்.

கூகுளை மட்டும் சரிசெய்தால் போதுமா என்றால், போதாது. அந்தப் பழைய முகவரி வாட்ஸ்அப் குரூப்களில் இருக்கிறது. யாரோ ஒருவரின் புக்மார்க்கில் இருக்கிறது. சமையல் பற்றி எழுதும் வேறு தளங்கள் அதற்கு லிங்க் கொடுத்திருக்கின்றன. பொடிப் பாக்கெட்டின் பின்னால் க்யூஆர் கோடாக அச்சாகி, யார் வீட்டுச் சமையலறையிலோ இருக்கிறது. இவற்றில் எதையும் உங்களால் திருத்த முடியாது. உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: அந்தக் கதவைத் தட்டுபவருக்கு உங்கள் சர்வர் என்ன பதில் சொல்கிறது என்பது.

சர்வர் சொல்லும் ஐந்து பதில்கள்

ஒவ்வொரு முறை ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் சர்வர் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலாக அனுப்புகிறது. நம் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. பிரவுசருக்கும் கூகுளுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போல மாற்றிச் சொன்னால் இப்படி இருக்கும்:

200: “ஆமா, இதே வீடுதான். உள்ள வாங்க.”

301: “அவங்க நிரந்தரமா வீடு மாத்திட்டாங்க. இனிமே இந்தப் புது அட்ரஸ்தான்.”

302: “ஊருக்குப் போயிருக்காங்க, திரும்பி வந்துடுவாங்க. இப்போதைக்கு அந்த வீட்டுல பாருங்க.”

404: “அப்படி யாரும் இங்க இல்லையே.”

410: “இருந்தாங்க, காலி பண்ணிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க, தேடாதீங்க.”

வெப்சைட் புதுப்பிப்பில் நமக்கு முக்கியமாக வேண்டியது 301. பழைய முகவரிக்கு வருபவரை இது கேள்வி கேட்காமல் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கூகுளும் இதைப் பார்த்து அட்டவணையில் புது எண்ணை எழுதிக்கொள்ளும். பழைய பக்கத்துக்கு மற்ற தளங்கள் கொடுத்த லிங்க்குகளின் மதிப்பும் புதிய பக்கத்துக்கு வந்து சேரும்.

301 போட வேண்டிய இடத்தில் 302 போட்டால் வாசகருக்கு வித்தியாசம் தெரியாது. கூகுளுக்குத் தெரியும். ‘திரும்பி வந்துடுவாங்க’ என்று நம்பி, தேடல் முடிவில் பழைய முகவரியையே வைத்துக்கொள்ளப் பார்க்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

முதல் தவறு, எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும் என்பதால் பலரும் இதைச் செய்கிறார்கள். ரசப்பொடி கேட்டு வந்தவரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, “உள்ள எங்கயாவது இருக்கும், தேடிக்கோங்க” என்று சொல்வதற்கு இது சமம். கூகுளும் இதை ஏற்பதில்லை. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால், அதை ‘சாஃப்ட் 404’ என்று வகைப்படுத்தி, பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, சங்கிலி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு முறை மாற்றினீர்கள், இப்போது இன்னொரு முறை. முதல் முகவரி இரண்டாவதுக்கும், இரண்டாவது மூன்றாவதுக்கும் திருப்பிவிடுகிறது. கூகுளின் நிரல் இப்படிப் பத்துத் தாவல்கள் வரைதான் பின்தொடரும். அதற்கு முன்பே மெதுவான மொபைல் இணைப்பில் வாசகர் பொறுமை இழந்துவிடுவார். எத்தனை முறை மாற்றினாலும், எல்லாப் பழைய முகவரிகளும் நேராகக் கடைசி முகவரிக்கே போக வேண்டும்.

மூன்றாவது, ரோபோட்ஸ் கோப்பில் பழைய முகவரிகளுக்குத் தடை போடுவது. ‘கூகுள் வராம தடுத்துட்டா பழசு போயிடும்’ என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. உள்ளே வர முடியாத நிரலால் அங்கே நீங்கள் எழுதி வைத்திருக்கும் 301-ஐயோ 410-ஐயோ பார்க்க முடியாது. அதனால் பழைய முகவரி அட்டவணையில் அப்படியே தங்கிவிடலாம்.

நான்காவது, கூகுள் சர்ச் கன்சோலில் உள்ள நீக்கும் வசதியை நம்புவது. அது ஒரு முகவரியைத் தேடல் முடிவுகளில் சுமார் ஆறு மாதத்துக்கு மறைத்து வைக்கும், அவ்வளவுதான். தனிப்பட்ட விவரம் ஏதாவது தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டால் அவசரத்துக்கு உதவும். வெப்சைட் மாற்றத்துக்கான கருவி இல்லை அது.

25 நாளில் மறக்கலாமா?

‘ஒரு மாசம் போட்டு வெச்சா போதும்ல?’ என்று டெவலப்பர்கள் கேட்பதுண்டு. 301 ஏற்பாட்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்பது கூகுளின் பரிந்துரை. வாசகரை நினைத்தால் அதை எடுக்காமலே இருப்பது இன்னும் நல்லது. பொடிப் பாக்கெட்டில் அச்சான க்யூஆர் கோடுக்குக் காலக்கெடு கிடையாது. சர்வரில் சில வரிகள் கூடுதலாக இருப்பதால் உங்களுக்குப் பெரிய செலவும் இல்லை.

பிரிட்டன் செய்து காட்டியது

இதைப் பெரிய அளவில் ஒழுங்காகச் செய்த ஓர் உதாரணம் உண்டு. 2012 அக்டோபரில் பிரிட்டன் அரசு தன் சேவைகளுக்கான புதிய வெப்சைட்டைத் தொடங்கியது. அதுவரை பொதுமக்களுக்கு டைரக்ட்கவ் என்றும், தொழில் செய்பவர்களுக்கு பிசினஸ் லிங்க் என்றும் தனித்தனித் தளங்கள் இருந்தன. ஓட்டுநர் உரிமம், வரி, ஓய்வூதியம் என்று மக்கள் அன்றாடம் தேடும் தகவல்கள் அவற்றில் இருந்தன.

அந்தக் குழு பழைய முகவரிகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுத்தது. அதே தகவல் புதிய தளத்தில் இருந்தால் 301. இல்லையென்றால் 410. அந்த 410 பக்கத்திலும் வெறும் கையோடு திருப்பி அனுப்பவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் சேமிக்கப்பட்ட பழைய பிரதிக்கு வழி காட்டினார்கள். ஓய்வூதிய விதியைத் தேடி வந்த ஒரு முதியவருக்கு ‘காணவில்லை’ என்ற பதில் எவ்வளவு பெரிய அலைச்சல் என்பதை யோசித்தால், இந்த உழைப்பின் அருமை புரியும்.

ஆனால் இணையத்தில் இது விதிவிலக்குதான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் திறக்க முடியாமல் போய்விட்டன. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி என்பது மாறாத முகவரி என்று 1998-லேயே ஒரு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம்.

நீங்கள் செய்ய வேண்டியது

டெவலப்பரிடம் வேலை கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி: “முகவரியை மாத்தியே ஆகணுமா?” டிசைனை மட்டும் மாற்றிவிட்டு முகவரிகளை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தால், பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய தளத்தை நிறுத்தும் முன் எல்லா முகவரிகளையும் எடுத்து வையுங்கள். பழைய சைட்மேப், சர்ச் கன்சோல், அனலிட்டிக்ஸ், சர்வர் பதிவுகள் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் கிட்டத்தட்ட முழுமையாகிவிடும்.

ஒரு எக்செல் தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு நேரான புதிய முகவரி. நேரான பக்கம் இல்லாவிட்டால் மிக நெருக்கமான பக்கம். அதுவும் இல்லையென்றால் 404 அல்லது 410 என்று எழுதுங்கள். நிறுத்திவிட்ட பொருளுக்கு 410 வருவதில் தவறில்லை. அதனால் உங்கள் மற்ற பக்கங்களின் தரவரிசை குறையாது.

புதுத் தளம் வந்த அன்றே, அதிகம் பேர் பார்த்த இருபது பழைய முகவரிகளை உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். தளத்துக்குள் இருக்கும் லிங்க்குகளையும் புதிய முகவரிக்கு மாற்றி, புதிய சைட்மேப்பை சர்ச் கன்சோலில் சேருங்கள். அடுத்த சில மாதங்களுக்கு அங்கே வரும் 404 பட்டியலை வாரம் ஒரு முறை பாருங்கள். டொமைன் பெயரே மாறுகிறது என்றால், அதே சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கத் தனி வசதி இருக்கிறது. 301-களோடு சேர்த்து அதையும் செய்யுங்கள்.

‘ஏற்கெனவே மாத்தியாச்சே!’

கவலை வேண்டாம், இன்னும் வழி இருக்கிறது. சர்ச் கன்சோலின் 404 பட்டியலில் நீங்கள் தொலைத்த முகவரிகள் பல வந்து நிற்கும். அதில் இல்லாதவற்றை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடலாம். உங்கள் பழைய தளத்தின் பிரதிகள் அங்கே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கிடைத்த ஒவ்வொன்றுக்கும் 301 எழுதுங்கள். கூகுள் அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளும். தாமதமான மாதங்களில் போன வாடிக்கையாளர் எல்லாரும் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நாளை வருபவர் திரும்பிப் போக வேண்டியதில்லை.

கோவை உரிமையாளருக்கும் வேலை அவ்வளவுதான். இரண்டு பொடிப் பக்கங்கள், நாற்பது குறிப்புகள். மொத்தம் நாற்பத்திரண்டு வரிகள். டெவலப்பருக்கு ஒரு மதிய நேரம் போதும். அடுத்த முறை வெப்சைட் மாற்றும்போது செலவுக் கணக்கில் அந்த மதிய நேரத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள். கேட்டில் பெயிண்ட் அடிக்கும்போதே ‘பழைய எண் 14’ என்பதையும் சேர்த்து எழுதச் சொல்வது போலத்தான் இதுவும்.