'உப்பு கம்மி' சீஸ்... பி.பி இருக்கிறவங்க தாராளமா சாப்பிடலாமா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க பாஸ்!

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருச்சுழி பக்கம் கரிசல்காட்டுக் கிராமம். தம்பி அருப்புக்கோட்டையில் இருந்து வரும்போது ஒரு சீஸ் பாக்கெட் வாங்கிட்டு வந்திருந்தான். பாக்கெட்டின் முன்பக்கம் பச்சை கலரில் பெருசா, 'லெஸ் சோடியம்'.

அப்பாவுக்கு நாலு வருஷமா பி.பி. "அவருக்கு உப்புதானே ஆகாது? இதுல உப்பு கம்மி. தாராளமா சாப்பிடட்டும்" என்பது தம்பியின் கணக்கு. அப்பாவும் காலையில் தோசை மேல் ரெண்டு ஸ்லைஸ், சாயங்காலம் பிரெட்டோடு ஒண்ணு என்று வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏத்தா, நீ பத்திரிகையில இருக்கியே... இது நல்லதுதானே?" என்று கேட்டார்.

எனக்கும் சட்டென்று பதில் தெரியவில்லை. பாக்கெட்டைத் திருப்பினேன். அங்கேதான் விஷயம் இருந்தது.

சீஸுக்கு ஏன் இவ்வளவு உப்பு?

நம்ம பனீரில் உப்பே போடாமல் சமாளிக்கலாம். சீஸில் அது முடியாது. பாலைத் திரித்து எடுத்த கட்டியில் மிச்சமிருக்கும் நீரை வெளியே இழுப்பது உப்பு. வேண்டாத கிருமிகளை அடக்குவதும், சீஸ் ரொம்பப் புளிக்காமலும் கசக்காமலும் பார்த்துக்கொள்வதும் அதே உப்புதான். மாங்காய் ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, சீஸுக்கும் அப்படித்தான்.

கடைகளில் நாம் வாங்கும் ஸ்லைஸ், கியூப் எல்லாம் பெரும்பாலும் 'புராசஸ்டு சீஸ்'. சீஸை உருக்கி மறுபடி வார்க்கும்போது, கொழுப்பு தனியாகப் பிரியாமல் இருக்க சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். பாக்கெட்டில் 331, 339 என்ற எண்கள் இருந்தால் அவைதான் இவை. நாக்குக்கு உப்பாகத் தெரியாது, ஆனால் சோடியம் உள்ளே போய்விடும். 'கரிக்கவே இல்லையே' என்று நாக்கை நம்பி முடிவு பண்ணக் கூடாது என்பது இதனால்தான்.

'கம்மி' வேற, 'குறைவு' வேற!

'லோ சோடியம்', 'ரெட்யூஸ்டு சோடியம்' ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஆனால், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

'லோ சோடியம்' என்று போட வேண்டுமென்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, திட உணவில் 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கக் கூடாது. 'ரெட்யூஸ்டு' என்பது வெறும் ஒப்பீடு. வழக்கமான சீஸோடு ஒப்பிட்டால் இதில் கம்மி, அவ்வளவுதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 25 சதவிகிதம் குறைத்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம்.

எங்க வீட்டு பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1,050 மி.கி சோடியம். அதே கம்பெனியின் சாதா சீஸில் 1,400. ஒரு ஸ்லைஸ் 20 கிராம். அப்போ சாதா ஸ்லைஸில் 280 மி.கி, 'கம்மி' ஸ்லைஸில் 210.

இப்போ அப்பாவின் கணக்கைப் பாருங்கள். சாதா சீஸ் என்றால் பயந்துகொண்டு ரெண்டோடு நிறுத்தியிருப்பார், 560 மி.கி. 'கம்மி' என்ற தைரியத்தில் மூணு சாப்பிட்டார், 630 மி.கி. உப்பு கம்மி சீஸ் சாப்பிட்டு, உப்பை அதிகமாக்கிக்கொண்டார்!

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு 2,000 மி.கி சோடியத்துக்குக் கீழே. உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஒரு டீஸ்பூன். இதில் கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு சீஸிலேயே முடிந்தது. அப்புறம் சாம்பார், ரசம், மோர் மிளகாய், கருவாடு, காராச்சேவு எல்லாம் வரிசையில் நிற்கிறதே!

அப்போ சத்தே இல்லையா?

அப்படியும் இல்லை. சோடியத்தைக் குறைப்பதால் மற்ற சத்துகள் பெருசா மாறாது. செடார் வகை சீஸை எடுத்துக்கொண்டால், உப்பு போட்டதோ குறைத்ததோ, 100 கிராமில் சுமார் 400 கலோரி, 23-24 கிராம் புரதம், 700 மி.கி கால்சியம், 33 கிராம் கொழுப்பு. அதாவது ஒரு ஸ்லைஸ் அளவுக்கு 140 மி.கி கால்சியம் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 1,000 மி.கி.

நல்லதும் மாறவில்லை, கெட்டதும் மாறவில்லை. நிறைவுற்ற கொழுப்பு அப்படியே இருக்கிறது. பி.பி-யோடு கொலஸ்ட்ராலும் இருப்பவர்கள், சோடியம் வரியை மட்டும் பார்த்துவிட்டு பாக்கெட்டைக் கீழே வைத்துவிடக் கூடாது.

508-ஐ கவனிங்க!

உப்பைக் குறைக்கும் சில தயாரிப்புகளில், அதற்குப் பதிலாக பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். பாக்கெட்டில் 508 என்று இருக்கும். பொதுவாக இது நல்ல விஷயம்தான். சீனாவில் 600 கிராமங்களில், சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. உப்பில் கால் பங்கை பொட்டாசியம் குளோரைடாக மாற்றியவர்களுக்கு பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்திருந்தது.

ஆனால், கிட்னி பிரச்னை இருப்பவர்களுக்கு இது ஆபத்து. கூடுதல் பொட்டாசியத்தை கிட்னியால் வெளியேற்ற முடியாமல் போனால், இதயத்துடிப்பே தடுமாறலாம். சில பி.பி மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டும். அதனால், மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருபவர்களிடம்கூட இந்தச் சந்தேகத்தைச் சொல்லி வைக்கலாம்.

என்னதான் பண்றது?

* முன்பக்க விளம்பரத்தை விடுங்க. பின்பக்க அட்டவணையில் 'சோடியம்' வரியைப் பாருங்க. அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் எத்தனை மி.கி உப்பு என்று தெரியும்.

* 100 கிராமுக்கான எண்ணைப் பார்த்து ஏமாறாமல், நீங்கள் சாப்பிடும் அளவுக்குக் கணக்குப் போடுங்க.

* சீஸ் தோசை சாப்பிடும் அன்னைக்கு ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்கு லீவு விடுங்க.

* கால்சியத்துக்கு சீஸ்தான் வேணும்னு இல்லை. 100 மில்லி பாலில் சுமார் 120 மி.கி, 100 கிராம் கேழ்வரகில் 364 மி.கி கால்சியம் இருக்கு. உப்பு போடாத மோர், தயிர், பனீர் எல்லாம் சோடியத்தில் சீஸ் பக்கத்திலேயே வராது.

* எதைச் சாப்பிட்டாலும், பி.பி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

எல்லாத்தையும் அப்பாவிடம் பேப்பரில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போ ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு ஸ்லைஸ். கம்மங்கூழுக்கு ஊற்றும் மோரிலும் உப்பைக் குறைத்துவிட்டார் அம்மா.

"எல்லாம் சரித்தா... அந்த மோர் மிளகாயில மட்டும் கை வச்சிராத" என்றார் அப்பா. ரெண்டை ஒண்ணாக்குவதில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

உங்க வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு பாக்கெட் இருக்கா? இப்பவே திருப்பிப் பாருங்க!