பரணில் கிடந்த ஹார்ட் டிஸ்க்கில் பிட்காயின் தேடுவது எப்படி?

சென்ற மழைக் காலத்தில் திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு தம்பி, சாக்கில் சுற்றிய பழைய சிபியு ஒன்றை பைக்கின் பின்னால் கட்டிக் கொண்டு செம்மேட்டுக்கு என்னைத் தேடி வந்தார். "அண்ணே, அம்மா இதை இரும்புக்காரருக்குப் போட எடுத்து வெச்சிருந்தாங்க. நான்தான் தடுத்துட்டேன். இதுக்குள்ள பிட்காயின் இருக்குது" என்றார்.

2012ல் கல்லூரியில் படித்த போது, வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு இணைய தளம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். கூலி இரண்டு தவணையாக பிட்காயினில் வந்திருக்கிறது. அன்று ஒரு பிட்காயின் 10 டாலர் அளவில் தான் இருந்தது. அதே பிட்காயின் 2024 டிசம்பரில் முதல் முறையாக 1 லட்சம் டாலரைத் தாண்டியது. வீட்டில் மிளகுத் தோட்டத்தின் மேல் வாங்கிய கடன் நிற்கிறது. அம்மாவுக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. கம்ப்யூட்டரோ பத்தாண்டுக்கு மேலாகப் பரணில், மிளகு மூட்டைகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது.

இது போன்ற டிரைவ் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால், நாங்கள் செய்ததை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. ஹார்ட் டிஸ்க்கில் பிட்காயின் எதுவும் இல்லை. யாருடைய முகவரிக்கு எவ்வளவு போனது என்பது பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில், உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் எழுதப்பட்டுள்ளது. நம் டிஸ்க்கில் இருப்பது சாவி மட்டுமே. 256 பிட், அதாவது 32 பைட் நீளமுள்ள ஓர் எண். இந்தச் சாவி இல்லாமல் அந்தக் காயினை அசைக்க முடியாது. பாஸ்வேர்ட் மறந்தால் மாற்றித் தர வங்கி மேனேஜர் போல யாரும் இல்லை.

இதனால் தான் வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோவல்ஸ் உலகப் புகழ் பெற்றார். 2009ல் எடுத்த ஏறத்தாழ 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த டிஸ்க், 2013ல் நகரக் குப்பை மேட்டுக்குப் போய் விட்டது. தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டு ஆண்டுக் கணக்கில் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீபன் தாமஸ் என்ற புரோகிராமருக்கு வேறு வகைச் சோதனை. டிரைவ் கையிலேயே இருக்கிறது. அது அயர்ன்கீ என்னும் பூட்டு வைத்த யுஎஸ்பி டிரைவ். 10 முறை தவறான பாஸ்வேர்ட் கொடுத்தால் நிரந்தரமாகப் பூட்டிக் கொள்ளும். 7,002 பிட்காயின், 8 வாய்ப்புகளை அவர் பயன்படுத்தி விட்டார் என்பது 2021ல் செய்தியானது.

நம் நாட்டோடு தொடர்புள்ள கதையும் உண்டு. கனடாவின் குவாட்ரிகா சிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையை நடத்திய ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். வாடிக்கையாளர்களின் காயின்களுக்கான சாவி அவர் லேப்டாப்பில் பூட்டிக் கிடக்கிறது என்றார்கள். ஆடிட்டர்கள் தேடிய போது, அவர் வைத்திருந்ததாகச் சொன்ன வாலட்கள் பெரும்பாலும் அவர் இறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே காலியாகி இருந்தன. அது ஒரு மோசடி என்று ஒன்டாரியோ மாநிலப் பங்குச் சந்தை ஆணையம் 2020ல் அறிக்கை தந்தது. பூட்டு இருப்பதாலேயே உள்ளே பணம் இருக்கிறது என்று ஆகி விடாது. எனவே தம்பியிடம் முதலில் நான் கேட்டது முகவரியைத் தான். பழைய மின்னஞ்சலில் தேடி, 1 என்ற எண்ணில் தொடங்கும் இரண்டு முகவரிகளை எடுத்துத் தந்தார். பிளாக்செயினைக் காட்டும் இணைய தளத்தில் முகவரியைக் கொடுத்தால் இருப்பு தெரிந்து விடும். இதற்குச் சாவி தேவையில்லை, ஆபத்தும் இல்லை. இரண்டிலும் காயின் 2012ல் வந்தது வந்தபடி அப்படியே இருந்தது. அதன் பிறகு தான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

பழைய கம்ப்யூட்டரை அப்படியே ஆன் செய்திட வேண்டாம். விண்டோஸ் இயங்கத் தொடங்கியதுமே டிஸ்க்கில் எதையாவது எழுதும். அழிந்த பைல் இருந்த இடத்திலேயே எழுதி விட்டால் கதை முடிந்தது. டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். இது 80 ஜிபி ஐடிஇ டிஸ்க். 40 பின் கொண்ட பட்டைக் கேபிள் வகை. ஐடிஇ, சாட்டா இரண்டையும் யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் கிடைக்கிறது. 3.5 அங்குல டிஸ்க்கிற்கு 12 வோல்ட் தேவை என்பதால், தனி மின் இணைப்புடன் வரும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைக்க மறக்க வேண்டாம்.

எங்கள் மலையில் பனியும் ஈரமும் அதிகம். டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். ஹெட்டுடன் இணையும் தொடு புள்ளிகள் கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். கழற்றலாம் என்பது இந்தப் போர்டு வரை தான். டிஸ்க்கின் மேல் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது. ஒரு தூசி போதும், தகடு கீறி விடும். பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சிலர் சொல்வதையும் கேட்காதீர்கள். உள்ளே நீர் கோத்துக் கொள்ளும். மின்சாரம் கொடுத்ததும் டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி விட்டு, தூசியற்ற அறை வைத்துள்ள டேட்டா மீட்பு நிறுவனத்திடம் தான் போக வேண்டும். எங்களுக்கு நல்ல வேளையாக டிஸ்க் அமைதியாகச் சுழன்றது.

அடுத்து நகல் எடுக்க வேண்டும். பைல்களை காப்பி செய்வதைச் சொல்லவில்லை. காலி இடங்கள் உட்பட டிஸ்க் முழுவதையும் பிட் பிட்டாக ஒரே இமேஜ் பைலாக எடுப்பது. லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தினேன். இது முதலில் நல்ல பகுதிகளை எடுத்து விட்டு, படிக்க முடியாத பகுதிகளைக் கடைசியில் திரும்ப முயற்சிக்கும். எது வரை எடுத்தது என்பதை மேப் பைல் ஒன்றில் எழுதிக் கொண்டே வரும். அன்று இரவு மட்டும் மூன்று முறை மின்சாரம் போனது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்த மேப் பைலைக் குறிப்பிடாமல் இயக்கியிருந்தால் மூன்று முறையும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். விண்டோஸில் இணைத்துச் செய்பவர்கள், டிஸ்க்கை பார்மட் செய்யவா என்று கேட்டால் கேன்சல் கிளிக் செய்திடுங்கள். செக் டிஸ்க்கை இயக்காதீர்கள். இமேஜ் கிடைத்ததும் ஒரிஜினல் டிஸ்க்கை எடுத்து வைத்து விட்டு, எல்லாச் சோதனையையும் இமேஜின் நகலில் செய்யுங்கள்.

இப்போது தேடல். பழைய பிட்காயின் புரோகிராம், சாவிகளை வாலட்.டிஏடி என்ற பைலில் வைத்திருக்கும். எக்ஸ்பியில் இது டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், யூசர் பெயர், அப்ளிகேஷன் டேட்டா, பிட்காயின் என்ற வரிசையில் உள்ள போல்டர்களுக்குள் இருக்கும். விஸ்டாவுக்குப் பின் யூசர்ஸ், யூசர் பெயர், ஆப் டேட்டா, ரோமிங், பிட்காயின். இவை மறைக்கப்பட்ட போல்டர்கள். அதனால் தான் பலர் 'மை டாகுமென்ட்ஸ்' போல்டரை மட்டும் சிடியில் காப்பி செய்து விட்டு, பேக் அப் எடுத்ததாக நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

எங்கள் இமேஜில் அந்தப் போல்டரே இல்லை. 2014ல் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கடையில் கொடுத்த போது, கேட்காமலேயே பார்மட் செய்து விண்டோஸ் 7 போட்டிருக்கிறார்கள். தம்பிக்கு முகம் வாடி விட்டது. ஆனால் குயிக் பார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போலத் தான். பக்கங்கள் மேலே எதுவும் எழுதப்படாத வரை அப்படியே இருக்கும். விஸ்டா முதல், முழு பார்மட் என்றால் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பப்படும், அதில் மீட்சி இல்லை. எஸ்எஸ்டி டிரைவிலும் டிரிம் வசதி இயங்கினால், அழித்த பைல்கள் விரைவில் உண்மையாகவே போய் விடும். பழைய சுழலும் டிஸ்க் இந்த விஷயத்தில் நமக்கு நண்பன்.

பொருளடக்கம் இல்லாததால் பைலின் பெயரை வைத்துத் தேட முடியாது. உள்ளடக்கத்தை வைத்துத் தேட வேண்டும். பழைய வாலட் பைல் பெர்க்லி டிபி என்ற வகையைச் சேர்ந்தது. அதன் 12வது பைட்டிலிருந்து 62 31 05 00 என்ற எண்கள் வரிசையாக இருக்கும். பைவாலட் என்ற இலவச புரோகிராமின் ரெகவர் வசதி, டிஸ்க் இமேஜ் முழுவதையும் துழாவி, சாவி போன்ற அமைப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று எடுத்துத் தரும். இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து விட்டு இதை இயக்குங்கள். கிடைக்கும் சாவியை ஏதாவது வைரஸ் படித்து அனுப்பி விட்டால், உழைப்பு நமக்கு, பணம் திருடனுக்கு.

சாவிகள் கிடைத்தன! ஆனால் இரண்டு வகையாக. ஒரு தொகுதி பாஸ்வேர்டால் பூட்டப்பட்டது, இன்னொன்று பூட்டில்லாதது. இது எப்படி?

பிட்காயின் புரோகிராமில் வாலட்டைப் பூட்டும் வசதி 2011 செப்டம்பரில் வெளியான 0.4 பதிப்பில் தான் வந்தது. தம்பி முதல் தவணை வந்த பிறகே பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார். அப்போது புரோகிராம் வாலட்டைப் புதிய பைலாக எழுதி, பழையதை நீக்கி விட்டது. நீக்கப்பட்ட அந்தப் பூட்டில்லாத பைலின் மிச்சம், பார்மட்டையும் விண்டோஸ் 7ஐயும் தாண்டி டிஸ்க்கின் ஒரு மூலையில் தங்கி இருந்திருக்கிறது. முதல் முகவரியின் சாவி அதில் இருந்தது. ஆனால் பாஸ்வேர்ட் போட்டதும் புரோகிராம் பழைய சாவிகளை ஒதுக்கி, புதிய சாவிகளை உருவாக்கிக் கொள்ளும். இரண்டாம் தவணை வந்தது அப்படி உருவான ஒரு முகவரிக்கு. அதன் சாவி பூட்டிய நிலையில் மட்டுமே உள்ளது.

பழைய பேக் அப் சிடி வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்நாளைய வாலட், 100 சாவிகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கும். யாருக்காவது பணம் அனுப்பினால் மீதிச் சில்லரை உங்கள் பழைய முகவரிக்குத் திரும்பாது, அந்த 100ல் புதிய ஒன்றுக்குப் போகும். அவை தீர்ந்த பின் வந்தவற்றின் சாவி உங்கள் பழைய சிடியில் இருக்காது. இன்னொன்று. 2025 அக்டோபரில் வந்த பிட்காயின் கோர் 30ஆம் பதிப்பு, இந்தப் பழைய வாலட்களை நேரடியாகத் திறக்காது. புது வடிவத்திற்கு மாற்றச் சொல்லும். நகலை வைத்து மட்டுமே மாற்றுங்கள்.

பூட்டில்லாத சாவியை எலக்ட்ரம் என்ற சிறிய வாலட்டில் ஸ்வீப் கட்டளை மூலம் புதிய வாலட்டிற்கு மாற்றினோம். முழு பிளாக்செயினையும் இறக்கினால் 600 ஜிபிக்கு மேல் ஆகும். எங்கள் ஊர் சிக்னலில் அது நடக்கிற காரியம் இல்லை. எலக்ட்ரமை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். 2018 டிசம்பரில் போலி அப்டேட் காட்டிப் பலரிடம் திருடினார்கள். மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள், உங்கள் 12 சொற்களைச் சொல்லுங்கள் என்று வருபவர்கள் எல்லாரும் அதே ரகம்.

தொகையை எழுத வேண்டாம் என்று தம்பி கேட்டுக் கொண்டார். தோட்டத்துக் கடனில் பாதி அடைந்தது என்று மட்டும் சொல்லலாம். சட்டப் பயமும் வேண்டாம். கிரிப்டோ தொழிலுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்ற 2018ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து விட்டது. கிரிப்டோ காயின் ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. லாபத்தின் மீது 30 சதவீத வரி 2022 ஏப்ரல் முதல் உண்டு. அதை ஒதுக்கி வைத்து விட்டுத் தான் மீதியைச் செலவு செய்ய வேண்டும்.

இரண்டாவது சாவிக்கு பிடிசிரெகவர் என்ற புரோகிராமை இயக்கி வருகிறோம். நினைவில் உள்ள துண்டுகளை ஒரு டெக்ஸ்ட் பைலில் வரிக்கு ஒன்றாக எழுதினால், அவற்றைப் பல விதமாகச் சேர்த்து முயன்று பார்க்கும். துண்டு எதுவுமே நினைவில்லாமல் கண்ணை மூடிக் கொண்டு தேடுவது வீண். 2013ல் 43.6 பிட்காயினைப் பூட்டிய ஓர் ஐரோப்பியருக்கு, 20 எழுத்து பாஸ்வேர்டை ரோபோபார்ம் புரோகிராம் உருவாக்கித் தந்திருந்தது. அதன் பழைய பதிப்பு கம்ப்யூட்டரின் தேதியையும் நேரத்தையும் வைத்தே பாஸ்வேர்டை அமைத்ததை ஜோ கிராண்ட் குழுவினர் கண்டுபிடித்து, 2013 மே 15ஆம் தேதிக்குப் போய் நின்று திறந்தனர். 2024ல் இது வெளியானது. தம்பியோ பாஸ்வேர்டைத் தானே யோசித்துப் போட்டவர். விடுதி அறை எண், முதல் மொபைல் எண், வளர்த்த நாயின் பெயர் என்று 31 வரிகள் சேர்ந்துள்ளன. போன வாரம் அவருடைய அம்மாவே போன் செய்தார். "தம்பி, அவன் அப்ப எல்லாத்துக்கும் வீட்டு ரேஷன் கார்டு நம்பரைத் தான் போடுவான். அதைப் பாத்தீங்களா?" அது எங்கள் பட்டியலில் இல்லை. பழைய கார்டைத் தேடிக் கொண்டிருக்கிறார்கள்.