அட்டை விண்கப்பலில் மின்னும் விளக்கு! 9 வோல்ட் போதும், 230 வோல்ட் எமன்!

திருப்பத்தூர் பக்கத்தில் உள்ள புதூர்நாடு மலைக்காரர்களுக்கு வானம் புதிதல்ல. அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று உலகம் கண்டுபிடித்தபோது, அதைக் கவனித்த கூடங்களில் காவலூரும் ஒன்று! 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, 93 அங்குல டெலஸ்கோப்பைப் பிரதமர் ராஜீவ் காந்தி இங்கே திறந்து வைத்தார்.

இப்படிப்பட்ட மலையில் பள்ளிப் பிள்ளைகள் அட்டையிலும் தெர்மகோலிலும் விண்கப்பல் செய்ய ஆசைப்பட்டால் ஆச்சரியம் இல்லை. ஆனால் விளக்கு எரியாத விண்கப்பல், சாமி இல்லாத சப்பரம் மாதிரி!

சினிமா ரகசியம்

தமிழ்ப் படத்தில் வேற்றுக் கிரகவாசி வந்து ரொம்ப நாளாச்சு. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த "கலை அரசி" 1963-லேயே வெளிவந்தது.

1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தின் ஒளிவாள் சமாசாரம் தெரியுமா? கதாநாயகனின் வாள் பிடி, பத்திரிகை போட்டோகிராபர்கள் வைத்திருந்த பழைய கிராப்ளெக்ஸ் கேமராவின் பிளாஷ் கைப்பிடிதான்! வாளின் வெளிச்சம் பல்பு அல்ல. கோலில் ஒளியைத் திருப்பி அடிக்கும் டேப்பைச் சுற்றி எடுத்து, அப்புறம் பிலிமில் வண்ணம் ஏற்றினார்கள். வீட்டில் அந்த வித்தை பலிக்காது. நிஜமாகவே விளக்கு எரிய வேண்டும்.

எமன் எங்கே?

"திருவிழா சீரியல் செட் இருக்கே, அதையே உள்ளே சுத்திடலாம்" என்று கிளம்புவார்கள் சிலர். கூடவே கூடாது! பல்பு சின்னதுதான். ஆனால் ஒயர் நேராக வீட்டு மின்சாரத்தில் அல்லவா சொருகி இருக்கிறது? 230 வோல்ட்! தோல் உரிந்த இடத்தில் ஈரக் கை பட்டால் உயிருக்கே ஆபத்து. பழைய செல்போன் பேட்டரியைப் பிரித்து மாட்டுவதும் வேண்டாம். அது நசுங்கினாலோ ஷார்ட் ஆனாலோ தீப்பிடிக்கும்.

கணக்கு இதுதான்

ஒரு 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி. பல்பு, ரெசிஸ்டர், சுவிட்ச். இவ்வளவுதான் சாமான்.

சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் கணக்குக்கு 350 ஓம் வரும். கடையில் 390 ஓம் கேளுங்கள், கிடைக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் பல்பு "பளிச்" என்று ஒரு தடவை எரிந்து செத்துப் போகும்!

மூன்று சிவப்பு பல்புகளை வரிசையாகக் கோத்தால் 6 வோல்ட் ஆச்சு. அப்போது 150 ஓம் போதும். வெள்ளை, நீலம் என்றால் ஒன்றுக்கே சுமார் 3 வோல்ட். எனவே இரண்டுதான் கோக்கலாம், அதே 150 ஓம்.

பல்பின் நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் எரியாது. சால்டரிங் வேலையை வெளியே முடித்து, டேப் சுற்றி, அப்புறம் உள்ளே பொருத்துங்கள். சூடான கம்பி பட்டால் தெர்மகோல் உருகி ஓட்டை விழும், புகையும் கெடுதல். டிரேசிங் பேப்பரை முன்னால் ஒட்டினால், புள்ளி வெளிச்சம் ஜன்னல் வெளிச்சமாகப் பரவும்.

ஆகவே பெற்றோர்களே! பையன் விண்கப்பல் செய்தால் தடுக்காதீர்கள். பிளக் பாயிண்ட் பக்கம் போகாமல் மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்!