தொலைந்த புத்தகங்களைத் தேடித் தரும் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இணைய இணைப்பும் பெற்றவர்கள் முதல் சில வாரங்கள் மெயில், பாட்டு, ரயில் டிக்கெட் என்று சுற்றி வருவார்கள். அதன் பிறகு, "இணையத்தில் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்குமாமே?" என்று கேட்பார்கள். கிடைக்கும். அவற்றுள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எழுதிய நூல்களின் டிஜிட்டல் தொகுப்புகளை இங்கு பார்க்கலாம். ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்து தளத்தில் போட்டுவிட்டால் அது பாதுகாக்கப்பட்டதாகிவிடுமா என்பதைப் புரிந்து கொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஹேரியட் வில்சன் என்ற பெண் 1859ல் பாஸ்டன் நகரில் ஒரு நாவலை வெளியிட்டார். தன்னையும் தன் குழந்தையையும் காப்பாற்றிக் கொள்ளப் பணம் வேண்டும் என்பதற்காகவே எழுதியதாக முன்னுரையில் அவரே கூறியிருக்கிறார். நூல் வந்த சில மாதங்களில், 1860ல், அந்த மகன் இறந்து போனான். நாவலும் மறக்கப்பட்டது. சில நூலகங்களில் பிரதிகள் இருந்தன. ஆனால் எழுதியவர் ஒரு கறுப்பினப் பெண் என்று உறுதியாகச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் என்ற பேராசிரியர் இதனை ஆராய்ந்தார். அப்போது கை கொடுத்தது அந்தச் சிறுவனின் இறப்புச் சான்றிதழ். அதில் நிறம் என்ற இடத்தில் கறுப்பு என்று எழுதப்பட்டிருந்தது. 1983ல் நாவல் மறுபதிப்பு கண்டது. எந்தக் குழந்தைக்காக எழுதப்பட்டதோ, அந்தக் குழந்தையின் சான்றிதழ்தான் தாயின் நூலை மீட்டது.

புத்தகம் அத்தனை ஆண்டுகளும் அலமாரியில்தான் இருந்தது. அதைப் பற்றிய விவரம் இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மொழியில் இந்த விவரத்தை மெட்டா டேட்டா என்பார்கள். உங்களிடம் உள்ள பாட்டு பைல்களில் பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் இருந்தால் நொடியில் தேடி எடுக்கலாம். எல்லாமே "டிராக் 01", "டிராக் 02" என்று இருந்தால்? பாட்டு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், உங்களுக்குக் கிடைக்காது. நூலின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் ஆகியவை சரியாகப் பதியப்படாத டிஜிட்டல் நூலகமும் அப்படித்தான்.

ஆசிரியர் பெயரிலேயே சிக்கல் வருவதும் உண்டு. ஹேரியட் ஜேக்கப்ஸ் அடிமை வாழ்க்கையிலிருந்து தப்பியவர். பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் இருந்த குறுகிய இடத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். 1861ல் தன் வரலாற்றை லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் எழுதினார். பின்னால் வந்த அறிஞர்கள் பலர் இது கற்பனைக் கதை, பதிப்பித்த வெள்ளையினப் பெண்ணே எழுதியது என்று நம்பினார்கள். ஜீன் ஃபாகன் யெல்லின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களைக் கொண்டு உண்மையை நிறுவி, 1987ல் புதிய பதிப்பைக் கொண்டு வந்தார். ஒரு நல்ல டிஜிட்டல் தொகுப்பில் இந்த இரண்டு பெயர்களில் எதை டைப் செய்தாலும் அதே நூல் வர வேண்டும்.

படமா, டெக்ஸ்ட்டா?

ஸ்கேனர் தருவது பக்கத்தின் படம். உங்கள் கண்ணுக்கு அதில் எழுத்துகள் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள். அந்தப் படத்திலிருந்து எழுத்துகளை அடையாளம் காணும் சாப்ட்வேரை ஓ.சி.ஆர். என்று அழைக்கிறோம். புதிய அச்சு என்றால் நன்றாகவே படிக்கும். பழைய அச்சில் தடுமாறும்.

பிலிஸ் வீட்லியை எடுத்துக் கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு, 1761ல் பாஸ்டனில் அடிமையாக விற்கப்பட்ட சிறுமி அவர். 1773ல் அவரது கவிதை நூல் லண்டனில் அச்சானது. அந்தக் காலத்து அச்சில் ஆங்கில "எஸ்" எழுத்தைச் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் நீளமாக, ஏறத்தாழ "எஃப்" போலவே அமைப்பார்கள். பழக்கப்படாத ஓ.சி.ஆர். இதனை எஃப் என்றே எடுத்துக் கொள்ளும். ஆன்மாவைக் குறிக்கும் "சோல்" என்ற சொல், அசுத்தம் என்று பொருள்படும் "ஃபவுல்" ஆகிவிடும்! ஆன்மா என்று தேடுபவருக்கு அந்தக் கவிதை வரவே வராது. எனவே நல்ல தொகுப்புகளில் மனிதர்கள் உட்கார்ந்து பிழை திருத்துகிறார்கள். இந்த வேலைக்கு இன்னும் குறுக்கு வழி இல்லை.

வீட்லி 1779ல் இரண்டாவது தொகுப்புக்குச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். அது அச்சேறவில்லை. 1784ல் அவர் இறந்த பின் அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவே இல்லை. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் இதுதான் ஆபத்து. உங்கள் குடும்பப் போட்டோக்களுக்கும் இது பொருந்தும்.

எங்கே படிக்கலாம்?

நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்காம்பர்க் மையம், 19ஆம் நூற்றாண்டுக் கறுப்பினப் பெண்களின் 52 நூல்களை 1990களின் இறுதியிலேயே இணையத்தில் தொகுத்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் "டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத்" தளத்தில் ஜேக்கப்ஸின் நூல் முழுமையாக இருக்கிறது. இதில் அச்சுப் பக்க எண்களையும் இடையிடையே கொடுத்திருக்கிறார்கள் என்பது மாணவர்களுக்கு வசதி. கூகுளில் ஆசிரியர் பெயரையும் தளத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் ஒரு புதையல் உண்டு. ஜோரா நீல் ஹர்ஸ்டன் காப்புரிமைப் பதிவுக்காக 1925 முதல் 1944 வரை கொடுத்து வைத்த பத்து நாடகங்களின் டைப் செய்த பிரதிகள் அவை. பெரும்பாலானவை அச்சேறவும் இல்லை, மேடை ஏறவும் இல்லை. 1997ல்தான் அந்தப் பிரதிகள் அங்கே இருப்பது தெரிய வந்தது. இப்போது பக்கம் பக்கமாகத் திரையில் பார்க்கலாம்.

நூலைத் திறந்தவுடன் கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்துங்கள். வரும் கட்டத்தில் ஏதேனும் ஒரு சொல்லை டைப் செய்திடுங்கள். சொல் கிடைத்தால் நீங்கள் பார்ப்பது டெக்ஸ்ட். பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற சொல்லே கிடைக்கவில்லை என்றால் அது படம். டவுன்லோட் செய்கையில் இந்த வித்தியாசம் முக்கியம். ஒரு முழு நூலின் டெக்ஸ்ட் பைல் பெரும்பாலும் ஒரு எம்.பி.க்குள் அடங்கிவிடும், ஸ்கேன் செய்த பி.டி.எப். பல எம்.பி. பிடிக்கும். படிக்க டெக்ஸ்ட், ஒப்பிட்டுப் பார்க்கப் படம் என்று இரண்டையும் வைத்துக் கொள்வது என் பழக்கம். சேவ் செய்யும்போது பைலுக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். தளம் தருகிற எண்களை அப்படியே விட்டால் அடுத்த மாதம் நீங்களே தேடுவீர்கள்.

கையெழுத்தில் உள்ளவற்றை ஓ.சி.ஆர். நம்பி விட முடியாது. அதற்காகக் காங்கிரஸ் நூலகம் 2018ல் "பை தி பீப்பிள்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. மேரி சர்ச் டெரெல் என்ற கறுப்பினப் பெண் தலைவரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் இதில் இடம் பெற்றன. ஒரு பக்கத்தில் படம், பக்கத்திலேயே காலிக் கட்டம். பார்த்து டைப் செய்ய வேண்டியதுதான். இன்னொரு தன்னார்வலர் அதைச் சரி பார்ப்பார். ஆங்கிலக் கூட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லிப் பாருங்கள். இது மாதிரி வேலையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் அல்ல. 1978க்கு முன் அமெரிக்காவில் வெளியான நூல்களுக்கு அங்கே வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள். வில்சன், ஜேக்கப்ஸ், வீட்லி நூல்களை நீங்கள் தாராளமாக நண்பர்களுக்கு அனுப்பலாம். ஹர்ஸ்டன் 1937ல் வெளியிட்ட புகழ் பெற்ற நாவல் அமெரிக்காவில் 2033ல்தான் பொதுவுடைமை ஆகும். டோனி மாரிசன் போன்ற பிற்கால எழுத்தாளர்களின் நூல்களை முழு பி.டி.எப்.ஆக எந்தத் தளமாவது இலவசமாக நீட்டினால் கிளிக் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள். அந்த பைலுடன் வைரஸும் சேர்ந்து வரக்கூடும்.