சிபில் ஸ்கோர் இல்லையா? சின்ன அடமானக் கடன் கைகொடுக்குமா?

“இதுவரை கடனே வாங்கினதில்லை. அப்புறம் ஏன் பைக் லோன் ரிஜெக்ட் ஆச்சு?” முதல் வேலைக்குப் போன பலருக்கும் வரும் சந்தேகம் இது. கடன் வாங்காதது நல்ல பழக்கம்தான். ஆனால், வாங்கினால் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்று பார்க்க வங்கியிடம் எந்தப் பதிவும் இல்லை. சிக்கல் அங்கேதான்.

சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல ஸ்கோர். கடன் வரலாறே இல்லாதவருக்கு ஸ்கோரும் இருக்காது. அந்த வரலாற்றைத் தொடங்க ஒரு வழி, எதையாவது ஈடாக வைத்து வாங்கும் சின்னக் கடன். ஈடு இருப்பதால் ஸ்கோர் இல்லாதவருக்கும் வங்கிகள் இதைத் தரத் தயங்குவதில்லை.

எஃப்.டி கார்டு: வட்டியே இல்லாத வழி

வங்கியில் 20,000 ரூபாய் எஃப்.டி போட்டு, அதை ஈடாக வைத்து கிரெடிட் கார்டு வாங்கலாம். 80 சதவீதம் லிமிட் கிடைத்தால் 16,000 ரூபாய். அதில் 30 சதவீதத்துக்குள், அதாவது மாதம் 4,800 ரூபாய்க்குள் செலவு செய்வது ஸ்கோருக்கு நல்லது. பெட்ரோல், மொபைல் ரீசார்ஜ், கரண்ட் பில் போதும். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. எஃப்.டிக்கான வட்டியும் வந்துகொண்டே இருக்கும்.

‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினால் கதை மாறும். மீதித் தொகைக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி போடும் கார்டுகள் உண்டு.

நகைக்கடன் உதவுமா?

உதவும். ஆனால் இ.எம்.ஐ முறையில் வாங்குவது நல்லது. ஒரு வருஷம் கழித்து அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் கடனில், மாதாமாதம் தவணை கட்டிய பதிவு உருவாகாது.

12 சதவீத வட்டியில் 20,000 ரூபாய் வாங்கினால், 12 மாத இ.எம்.ஐ சுமார் 1,777 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 1,324 ரூபாய். ஸ்கோருக்காகவே கொடுக்கும் விலை இது. எஃப்.டி கார்டு கிடைக்கும் என்றால் இந்தச் செலவு தேவையில்லை.

எங்கே சொதப்பும்?

ஈடு வங்கிக்குத்தான் பாதுகாப்பு, ஸ்கோருக்கு இல்லை. தவணை தவறினால் எஃப்.டி பணத்தை வங்கி எடுத்துக்கொள்ளும், நகை ஏலத்துக்குப் போகும். அதோடு, தாமதமாகக் கட்டிய பதிவும் ரிப்போர்ட்டில் நிற்கும். சிபில் ரிப்போர்ட்டில் 36 மாதங்கள் வரையிலான தவணை விவரம் தெரியும்.

ஏற்கெனவே பழைய கடன் பாக்கி இருந்தால், புதுக்கடன் அதை மறைக்காது. முதலில் பாக்கியைத் தீர்ப்பதுதான் சரி.

தெரிந்த அடகுக்கடையில் வைக்கும் நகை இதற்கு உதவாது. கிரெடிட் பீரோவுக்குத் தகவல் அனுப்பும் வங்கியோ நிதி நிறுவனமோதான் வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிடலாம்.

எப்படிச் சரிபார்ப்பது?

கடன் விவரங்கள் 15 நாட்களுக்கு ஒருமுறை பீரோக்களுக்குப் போக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். தப்பு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஒரே மாதத்தில் ஸ்கோர் எகிறிவிடாது. சம்பளம் வரும் நாளுக்கு அடுத்த நாளே ஆட்டோ டெபிட் வைத்துவிட்டால், தேதி மறந்துபோகும் பிரச்சினை இல்லை. மாதம் 1,777 ரூபாய் எடுத்துவைப்பதே கஷ்டம் என்றால், ஸ்கோருக்காகக் கடன் வாங்க இது நேரமில்லை.